வேடியப்பனின் காணாமல்போன நாய்

செத்து ஆயிரத்து நூறு வருஷமான நாய் ஒன்று, போன ஆவணி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், ஈச்சங்கரட்டில் ஒரு ஆளைக் கடித்தது. இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தவன் நான். கடிபட்டது யார் என்று இப்போதே சொல்லிவிட்டால் மிச்சத்தைப் படிக்காமல் டீ குடிக்கப் போய்விடுவீர்கள். அதனால் சொல்லப் போவதில்லை.

நாய்க்கடி விஷயத்தில் என்னைத் தாராளமாக நம்பலாம். முப்பத்தொன்பது வருஷம் அரூர் வட்டாரத்தில் வீடு வீடாக ஏறி கரண்டு மீட்டர் ரீடிங் எடுத்தவன் இந்தச் சவுரியப்பன். முந்நூற்றுப் பன்னிரண்டு நாய்கள் என்னைக் கடித்திருக்கின்றன. கடிவாயைப் பார்த்தே நாயின் வயது, நிறம், அது காலையில் என்ன சாப்பிட்டது என்பது வரை சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க முடியாமல் துப்பறிய ஆரம்பித்தேன். இதுவரை இருநூறு வழக்குகள். தோல்வி என்பதே கிடையாது.

“பதினேழு,” என்று திருத்துவாள் நிர்மலா. “அதுல பதினாலு, காணாமப்போன ஆடு.”

நிர்மலா என் உதவியாளர். அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். இந்தத் தாலுகாவில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் முதலில் ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்கத்தான் ஓடிவருவார்கள். ஆகவே எல்லா வழக்கும் எனக்கு முன்னால் அவளிடம் வந்துவிடும். அன்றைக்கும் ஈச்சங்கரட்டுப் பூசாரி கருப்பண்ணனின் மனைவி, ஜாமீனுக்கு வேண்டும் என்று அழுதுகொண்டே ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். அரை மணி நேரத்தில் நான் நிர்மலாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஈச்சங்கரட்டு புறக்காவல் நிலையத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி இரண்டு. பெஞ்சின் ஓரத்தில் கருப்பண்ணன் குன்றிப்போய் உட்கார்ந்திருந்தார். ஐந்தடி தாண்டாத மனிதர். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம்.

“வாங்க மீட்டர் சார்,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் மாதவராஜ். விரலில் புஷ்பராக மோதிரம், முகத்தில் எதையும் நம்பாத சிரிப்பு. “இங்க ஆடு எதுவும் காணாமப் போவலீங்களே.”

“போனது என்ன?”

“சாமி.”

விஷயம் இதுதான். ஈச்சங்கரட்டில் வேடியப்பன் கோயில் இருக்கிறது. உள்ளே இருப்பது ஒரு நடுகல். எந்தக் காலத்திலோ ஊர் மாடுகளை ஓட்டிப்போக வந்தவர்களோடு மல்லுக்கட்டிச் செத்த ஒரு வீரனுக்கும், அவன் கூடவே நின்று கடித்துச் செத்த நாய்க்கும் சேர்த்து நட்ட கல். ஊருக்கு அது சாமி. அந்தக் கல்லைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பதிவு செய்ய தருமபுரியிலிருந்து கலைமதி என்ற அதிகாரி வந்திருக்கிறார். அவர் கையில் 1974இல் எடுத்த போட்டோவும் அளவுக் குறிப்பும் இருந்தன. கல்லின் உயரம் ஐந்தேகால் அடி. வீரனின் காலடியில், வாயைத் திறந்து நிமிர்ந்து பார்க்கும் நாய். இன்றைக்குக் கோயிலில் இருக்கிற கல்லை அளந்தால் மூன்றேகால் அடிதான். மேலே மூன்று பூச்சு எனாமல் பெயிண்ட். நாயைக் காணவில்லை.

“ஒரிஜினலை வித்துட்டு குட்டிக் கல்லு ஒண்ணை நட்டு, பெயிண்டு அடிச்சிட்டாரு,” என்றார் மாதவராஜ். “கோயில் சாவி இவருகிட்ட மட்டும்தான். நெத்தியில காயம் வேற. கல்லைத் தூக்கறப்போ பட்டது. நாலு மணிக்கு அரூர் கோர்ட்டு. கேஸு முடிஞ்சிருச்சு.”

“கல்லை நெத்தியாலயா சார் தூக்குனாரு?” என்று நிர்மலா கேட்டாள்.

கருப்பண்ணன் முதல்முறையாக வாயைத் திறந்தார். “கோயில் வாசல் மேல்கல்லு இடிச்சதுங்க. ஒரு வருஷமா தெனமும் இடிக்குது. எங்கப்பன், எங்க தாத்தன் பூசை பண்ண சாமிங்க. அதை விப்பேனுங்களா? என்னை செயில்ல போட்டாக்கூட பரவால்லீங்க. சாமியை வித்தவன்னு எம் பசங்களை ஊரு சொல்லுமே.”

ஓரமாக நின்ற கலைமதிக்கு முகமே சரியில்லை. “அளவு பொருந்தலைன்னு மட்டும்தான் சார் நான் எழுதினேன்,” என்றார் மெதுவாக. “திருட்டுன்னு எழுதினது இவர்.”

“பொருந்தலைன்னா போலீஸ் பாஷையில திருட்டுங்க மேடம்.”

நான் போட்டோவை வாங்கிப் பார்த்தேன். நாலு கல் தூண், மேலே பலகைக் கல், ஒரு சின்ன வாசல், வாசலுக்கு ஏறும் ஒரே ஒரு படி. வாசலில் கருப்பண்ணனின் அப்பா தலைப்பாகையோடு நிமிர்ந்து நிற்கிறார். தலைப்பாகைக்கு மேலே இன்னும் நாலு விரல் இடம் இருக்கிறது.

“உங்கப்பா உங்களைவிடக் குள்ளமா?” என்று பூசாரியைக் கேட்டேன்.

“ஐயோ, அவரு நல்ல ஒசரமுங்க. என் தலை அவரு தோளுக்குத்தான் வரும்.”

அந்த நிமிஷமே எனக்கு வழக்கு துலங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால், ஸ்கூட்டியில் வரும்போதே துலங்கிவிட்டது. நிர்மலா இதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

“மாதவராஜ், கோயிலுக்குப் போகலாம். கல் அங்கேதான் இருக்கிறது. நாயும் அங்கேதான் இருக்கிறது.”

“மூணேகால் அடிக் கல்லுக்குள்ளாரயா?” அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “சரி, வர்றேன். நாலு மணிக்குள்ள நாயைக் காட்டுங்க. காட்டலைன்னா பூசாரி கோர்ட்டுக்கு, நீங்க ஆடு தேட.”

கோயிலை நெருங்கும்போதே கதிரவனின் பேனர்தான் முதலில் கண்ணில் பட்டது. வேடியப்பனைவிட எட்டு மடங்கு பெரிய கதிரவன், கூப்பிய கையோடு. ‘பாரம்பரியக் காவலர்’ என்று போட்டிருந்தது. அசல் கதிரவன் பேனருக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். ஊராட்சித் தலைவர், திருப்பணிக் குழுத் தலைவர், கிரானைட் வியாபாரி. மூன்றும் ஒரே ஆள் என்பதால் திருப்பணி சீக்கிரம் முடிந்துவிட்டதாம்.

“பழமை மாறாம புதுப்பிச்சிருக்கோமுங்க,” என்றார். “எது பழசுன்னு யாராலயும் கண்டுபுடிக்க முடியாது.”

“அதுதாங்க பிரச்சினை,” என்றார் கலைமதி.

வாசலுக்கு ஏற ஐந்து படிகள் இருந்தன. ஒவ்வொன்றின் முகப்பிலும் பெயர் வெட்டியிருந்தது. கீழேயிருந்து முதல் படி வெறும் பாறை, பெயர் இல்லாதது. இரண்டாவது படி ஒரு முன்னாள் தலைவர் உபயம். மூன்றாவது, தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர் உபயம். நான்காவது, அந்தத் தோற்கடித்தவரைத் தோற்கடித்தவர் உபயம். ஐந்தாவது படியில் கதிரவன், தங்க நிற எழுத்தில்.

உள்ளே போக எல்லோரும் இடுப்பு வரை குனிய வேண்டியிருந்தது. நான் குனிந்தேன். மாதவராஜ் குனிவதற்குள் வாசலின் மேற்கல் அவரை ஒரு இடி இடித்தது.

“பார்த்தீங்களா,” என்றார் கதிரவன் பூரிப்போடு. “எங்க திருப்பணிக்கப்புறம் ஊருல பக்தி கூடியிருக்குது. முன்னயெல்லாம் நட்ட நடுவுல நிமிந்து வருவாங்க. இப்ப ஒருத்தன் குனியாம உள்ள வர முடியாது.”

“சார், ஒங்க நெத்தியிலயும் இப்ப காயம் இருக்குது,” என்று நிர்மலா மாதவராஜிடம் சொன்னாள். “எந்தக் கல்லைத் தூக்குனீங்க?”

மாதவராஜ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வேடியப்பன் பக்கம் திரும்பினார்.

உள்ளே வேடியப்பன் பளபளத்தார். நீல உடம்பு, ரோஸ் உதடு, மஞ்சள் வாள். இடுப்புக்குக் கீழே பட்டு வேட்டி சுற்றியிருந்தது, அதற்குக் கீழே நேராகக் கிரானைட் தரை. மூலையில் சின்னம்மாள் என்ற மூதாட்டி உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கோயிலுக்கு ஐம்பது வருஷமாகப் பூக் கொடுப்பவள்.

“அம்மா, இங்க நாய் ஒண்ணு இருந்துச்சே, தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாம என்ன. நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வர்றப்போ அது நின்னுக்கிட்டிருந்துச்சு சாமி.”

“அப்புறம்?”

“பெரியவனுக்குக் காது குத்தறப்போ படுத்துக்கிச்சு. சின்னவன் கண்ணாலத்தப்போ தலை மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் காணோம். வயசாவுதில்ல அதுக்கும்? நான் கேக்கல.” தலைக்கு மேலே தொங்கிய மணியைக் காட்டினாள். “ஆனா வேடியப்பன் எனக்குக் கொறை வெக்கல. முன்னயெல்லாம் இந்த மணி எனக்கு எட்டாது. எழுவது வயசுக்கு மேல வளந்திருக்கறேன். இப்ப மணிதான் என்னை வந்து இடிக்குது.”

மாதவராஜ் என் காதருகே வந்தார். “இந்த அம்மாவை சாட்சியாப் போட்டா ஜட்ஜு என்னைத்தான் உள்ள வெப்பாரு.”

“இதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது,” என்றேன். “மாதவராஜ், மீட்டர் பார்க்கத் தெரியுமா? ரொம்ப சுலபம். இப்போதைய ரீடிங்கிலிருந்து பழைய ரீடிங்கைக் கழித்தால் ஓடியது எவ்வளவு என்று தெரிந்துவிடும். போட்டோவில் படி ஒன்று. இப்போது ஐந்து. படி ஒன்று அரை அடி. வித்தியாசம் எவ்வளவு?”

“ரெண்டு அடி.”

“கல் முன்பு ஐந்தேகால், இப்போது மூன்றேகால். வித்தியாசம்?”

கலைமதி குனிந்து தரையைப் பார்த்தார். நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். “கல் குட்டையாகலை,” என்றார். “தரை ஏறியிருக்கு.”

“கதிரவன், நீங்கள் தரை போடும்போது பழைய தரையை உடைத்தீர்களா?” என்று கேட்டேன்.

கதிரவன் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. “என்ன பேச்சுங்க இது? அதுல பழைய தலைவரு பேரு எழுதியிருக்குது. எதிர்க்கட்சிக்காரரா இருந்தாலும் உபயம் உபயந்தானுங்களே. பேரு போட்ட தரையை ஒடைச்சா அந்த வூட்டுக்காரங்க நாளைக்கு நல்லது கெட்டதுக்கு நம்ம வாசல்ல கால் வெப்பாங்களா? அதான் அவரு தரைக்கு மேலயே நம்ம தரையைப் போட்டுட்டோம்.”

“அவரு?”

“அவருக்கு முன்னாடி இருந்தவரு தரைக்கு மேல போட்டாரு.”

“அவரு?”

“அதுக்கும் முன்னாடி இருந்தவரு தரைக்கு மேல.”

நிர்மலா தரையைக் காலால் தட்டிப் பார்த்தாள். “இன்னும் ஏழு எலெக்‌ஷன் வந்தா சாமி முழுசா முழுவிடும். அப்புறம் கூரை மேல ஒக்காந்து கும்புடலாம்.”

மாதவராஜ் அவ்வளவு சுலபமாக விடுகிற ஆள் இல்லை. “இதெல்லாம் கணக்கு. எனக்கு நாய் வேணும். குட்டிக் கல்லை நட்டுட்டு மேல தரை போட்டிருக்கலாமில்ல? தரையை ஒடைச்சுப் பாத்துடலாம்.”

“ஒடைக்கறதா?” கதிரவன் நடுவில் வந்து நின்றார். “என் பேருங்க அது. மேல கைய வெச்சா நாலு குடும்பமும் ரோட்டுல ஒக்காரும். நாய் இருக்குதுன்னு மொதல்ல எழுதிக் குடுங்க, அப்புறம் பேசலாம்.”

மணி மூன்றரை. நாய் இருப்பது தெரிய வேண்டுமென்றால் தரையை உடைக்க வேண்டும். தரையை உடைக்க வேண்டுமென்றால் நாய் இருப்பது தெரிய வேண்டும். கருப்பண்ணன் இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டு காவல் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் சின்னம்மாளைக் கேட்டேன். “அபிஷேகத் தண்ணி வெளியில எந்தப் பக்கம் போகும்?”

“எங்க போவுது? பத்துக் கொடம் ஊத்துனாலும் சாமி குடிச்சிடும்.”

இந்தப் பக்கத்துக் கொத்தனார்களுக்கு ஒரு பயம் உண்டு. சாமி மேல் சிமெண்ட் படக் கூடாது. பட்டால் கை விளங்காமல் போய்விடும். நாலு முறை தரை போட்டவர்களும் கல்லை ஒட்டி ஒரு குழி விட்டு, அதன்மேல் ஒரு பலகையைச் சும்மா சாத்தி வைத்திருக்க வேண்டும். நிர்மலா வேடியப்பனுக்கு முன்னால் இருந்த கிரானைட் பலகையை நாணயத்தால் தட்டினாள். மற்ற இடமெல்லாம் ‘டக்’. அது மட்டும் ‘டொம்’.

மாதவராஜும் நிர்மலாவும் சேர்ந்து பலகையை நகர்த்தினார்கள். உடைக்காததால் கதிரவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. உள்ளே ஒரு குடம் நுழையும் அளவுக்குக் குழி. நாற்பது வருஷத்துப் பாலும் எண்ணெயும் மஞ்சள் தண்ணீரும் கறுப்புக் குழம்பாக நிறைந்து கிடந்தது. கலைமதி செல்போன் விளக்கை அடித்தார். அவர் முகம்தான் அதில் தெரிந்தது.

“ஒண்ணுமில்ல,” என்றார் மாதவராஜ். பெல்ட்டைக் கழற்றி வைத்தார். சட்டைக் கையைச் சுருட்டினார். “மீட்டர் சார், கையை வுட்டே பாத்துடறேன். உள்ள நாய் இருந்தா என்னைக் கடிக்கட்டும். எங்க வேணாலும் எழுதிக் குடுக்கறேன்.”

தரையில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டார்.

“தண்ணி... சேறு... கல்லுதான்... இது என்னமோ காது மாதிரி...” அவர் குரல் மாறியது. “பல்லு மாதிரி...”

அடுத்து அவர் போட்ட சத்தம் சித்தேரி மலை வரைக்கும் கேட்டது. மலையில் மேய்ந்த மாடுகள் அன்று பால் கறக்கவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். சொன்னது நான்தான் என்றாலும் சொன்னது சொன்னதுதான்.

விரல் வரவில்லை. நிமிர்ந்து பார்க்கும் நாயின் திறந்த வாய்க்குள், பல்லுக்குப் பின்னால், புஷ்பராக மோதிரம் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க நாய் இறுக்கியது. வெளியே இருந்து எட்டிப் பார்த்தவர்களுக்கு, சப்-இன்ஸ்பெக்டர் வேடியப்பன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாகக் கிடப்பது மட்டும்தான் தெரிந்தது. பத்து நிமிஷத்தில் ஊரே கூடிவிட்டது. சின்னம்மாள் எழுந்துவந்து அவர் தலையில் ஒரு பிடி விபூதி போட்டாள்.

“எண்ணெய் ஊத்துங்கய்யா,” என்று தரையிலிருந்து முனகினார் மாதவராஜ். “வழுக்கினா வந்துடும்.”

விளக்குப் பக்கத்தில் நல்லெண்ணெய்ச் செம்பு இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

“சாமி குழியில பூசாரி கைதானுங்க எண்ணெய் ஊத்தணும்,” என்றார் கதிரவன். “வேற ஆளு தொடக் கூடாது. தொட்டா ஊருக்கு ஆவாது.”

“பூசாரி எங்க?”

“பூசாரியை நீங்கதான சார் ஒக்கார வெச்சிருக்கீங்க,” என்றாள் நிர்மலா.

பிறகு மாதவராஜ் இடது கண்ணைத் திறந்தார். “போன் சட்டைப் பையில இருக்குது. காதுல வைம்மா.” வைத்தாள். “நான்தான் பேசறேன். கருப்பண்ணனை ஜீப்புல ஏத்தி அனுப்பு. கோர்ட்டுக்கு இல்லய்யா, கோயிலுக்கு. வெரசா.”

மணி நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கருப்பண்ணன் வாசலில் குனிந்து, ஒரு தரம் இடித்துக்கொண்டு, உள்ளே வந்தார். கீழே கிடந்தவரைப் பார்த்தார். எண்ணெய்ச் செம்பை எடுத்து, வேடியப்பனைக் கும்பிட்டு, குழியில் நிதானமாக ஊற்றினார்.

“கைய இழுக்காதீங்க சார்,” என்றார். “அது இழுத்தா வுடாது. எங்கப்பன் சொல்லியிருக்காரு. தட்டிக் குடுங்க.”

மாதவராஜ் தட்டிக் கொடுத்தார். விரல் வந்தது. மோதிரம் வரவில்லை.

விரலை வாங்கிப் பார்த்தேன். மேலே இரண்டு பல் தடம், கீழே ஒன்று. “வயசான நாய்,” என்றேன். “காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.”

“கல்லு கீறிடுச்சு, அவ்வளவுதான்,” என்றார் அவர், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் சுசித்ரா ஓ.பி. சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, என்ன ஆச்சு என்று கேட்டார். மாதவராஜ் விரலை நீட்டி, “கல்லு,” என்றார்.

“கல்லு கீறினதுன்னு எழுதிடட்டுங்களா?”

கலைமதி மெல்லக் குறுக்கிட்டார். “சார், இன்னைக்கு வரைக்கும் அந்த நாயைத் தொட்ட ஆள் நீங்க மட்டும்தான். நாய்னு உங்க கையெழுத்துல ஒரு வரி இருந்தா, நாலு தரையையும் எடுக்கச் சொல்லி நான் உத்தரவு வாங்கிடுவேன். கல்லுன்னு எழுதினா நாய் கிடையாது. நாய் கிடையாதுன்னா இவர் திருடர்.”

“மாவட்டமே சிரிக்கும் மேடம்.”

“ஆமாங்க,” என்றார் கலைமதி.

அப்போது கருப்பண்ணன் உள்ளே வந்தார். சுகாதார நிலையத்து வாசல் ஏழடி உயரம். அந்த ஐந்தடி மனிதர் அதிலும் இடுப்பு வரை குனிந்து நுழைந்தார். ஒரு வருஷத்துப் பழக்கம். மாதவராஜ் அதைப் பார்த்தார். தன் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“கல்லுன்னு எழுத வேணாம்மா,” என்றார். “நாய்.”

“வளர்ப்பு நாயா, தெரு நாயா?”

“வேடியப்பன் நாய்.”

“தடுப்பூசி போட்டிருக்காங்களா?”

“ஊசியும் போடல, பெயிண்டும் போடல,” என்றாள் நிர்மலா. “அந்தக் கோயில்ல உருப்படியா இருக்கறது அது ஒண்ணுதான்.”

சுசித்ரா பேனாவை வைத்துவிட்டு மாதவராஜைப் பார்த்தார். “அது கல்லுல செதுக்கின நாய் இல்லீங்களா சார்? நெசமாவே கடிச்சுதுங்களா?”

மாதவராஜ் சீட்டைத் தன் பக்கம் இழுத்து, கட்டுப் போடாத கையால் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

“கடிச்சுதும்மா,” என்றார். “நெசமாவே கடிச்சுது.”